வீட்டுக்காரரின் இடது கை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக ஊசி குத்துகிறவள் நான். ரத்தம் எடுக்கிற குழாயை, அதாவது வெயினை, கண்ணால் தேடுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்க்க வேண்டாமா? அந்த விரல்தான் எனக்கு மரத்துப்போனது. மணிக்கட்டில் நசுங்கிக் கிடந்த நரம்பை ஆபரேஷன் செய்து விடுவித்தார்கள். வலி போயிற்று. உணர்வுதான் ஆடி அசைந்து வருவேன் என்றது.

எனக்குப் பொறுமை ஏது? தையல் பிரித்த அன்றே வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு அவருடைய இடது கையில் வெயின் தேட ஆரம்பித்தேன். தொட்ட இடத்தில் பேனாவால் புள்ளி வைப்பேன். ஒரே மாதத்தில் பத்துக்குப் பத்து!

குதித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மேற்பார்வை பார்க்கும் அக்கா தன் கையை நீட்டினாள்.

"கண்ண மூடிட்டு வெயின் எங்கன்னு காட்டு பாப்போம்."

மரத்த விரலுக்குச் செருப்பைத் தடவுவது போலிருந்தது. குத்துமதிப்பாக ஓரிடத்தைக் காட்டினேன்.

"அங்க ஒண்ணுமே இல்லடி. திங்கக்கிழமை மறுபடி பாக்கலாம். அப்பவும் இல்லன்னா குப்பியில சீட்டு ஒட்டுற வேலைதான்."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மாதம் முழுக்க ஒரே கை! இடம் மனப்பாடமாகியிருக்கிறது, விரலுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. வீட்டுக்காரர் வழக்கம்போல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"உங்க கையே வேண்டாம். அது எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"சும்மா தொட்டா அப்படித்தான். ஊசிய எடுத்துக் குத்திப் பாரேன்" என்று சிரித்தார்.

எனக்கும் வெறி. ஊசியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணை மூடி, அவர் முழங்கை மடிப்பில் விரலை வைத்தேன். அவசரத்தில் அது பழகிய இடத்தைவிட்டுக் கொஞ்சம் உள்பக்கம் விழுந்தது.

ஏதோ முட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். நாடித்துடிப்பு! ஒரு மாதத்தில் ஒருநாள்கூட இது எனக்குத் தெரிந்ததில்லை. கத்தப் போனேன். ஆனால் இதென்ன, இப்படி ஓட்டமாய் ஓடுகிறது?

கண்ணைத் திறந்தேன். அவர் முகத்தில் அதே சிரிப்பு; நெற்றியெல்லாம் வேர்வை.

"ஏங்க, ஊசின்னா பயமா உங்களுக்கு?"

"சேச்சே, எனக்கென்ன பயம்?"

"பொய் சொல்லாதீங்க. தடதடன்னு அடிக்குது. எனக்குத் தெரியுதுங்க."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஊசியை உறை பிரிக்காமல் தள்ளி வைத்தேன். அவர் கையை மட்டும் விடவில்லை.