நூற்று எண்பத்தேழு இலக்கம்

எனக்கு அந்த எண்ணைக் கண்டாலே ஆகாது. நூற்று எண்பத்தேழு இலக்கம், கடைசியில் ஏழு. என் வீட்டுக்காரர் ஷரஃபுதீன் ஆறு வருஷமாக அதைக் கட்டிக்கொண்டு அழுதார். சாந்தோமில் எங்களுக்கு இருப்பதே இரண்டு அறை. அதில் ஒன்று அந்த எண்ணுக்கு.

அது பகா எண் இல்லை என்பது சோதித்து உறுதியான விஷயம். ஏதோ இரண்டு எண்களைப் பெருக்கினால் அது வரும். எந்த இரண்டு என்றுதான் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. நானும் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள்தான். உடையும் என்று தெரிகிறது, எங்கே உடையும் என்று தெரியவில்லை, இதில் என்ன பெருமை என்று கேட்டால், சும்மா இரு வஜீஹா என்பார். கம்ப்யூட்டர் அதன் காரணியைத் தேடி ஓடிக்கொண்டே இருந்தது.

ஜூன் தொடக்கத்தில் அவரை அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணையத்தில் புற்று. பதினாறு நாள் இருந்தார். நான் தினமும் காலையில் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்து, துணி மாற்றித் திரும்புவேன். போனதும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"ஏதாச்சும் வந்துச்சா?"

இன்னும் இல்லை என்பேன். அறை வாசலில் நின்று கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனவள் நான். கிடைத்திருந்தால் மெஷின் நின்றிருக்குமே என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். திரையைப் போட்டுப் பார்க்கப் பொறுமை இல்லை. மனுஷர் இப்படிக் கிடக்கும்போது எண்ணாவது மண்ணாவது என்று ஆத்திரம் வேறு.

கடைசியாக, மெஷினை நிறுத்திவிடாதே என்றார். நிறுத்தவில்லை. அவர் இறந்ததும் நான் இத்தா இருக்க உட்கார்ந்து இன்றோடு எழுபது நாள். இன்னும் அறுபது நாள் வாசலைத் தாண்டக் கூடாது. துணைக்கு அவருடைய அக்கா அஸ்மத்துன்னிசா வந்து தங்கியிருக்கிறார். நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்று அவருக்குக் கவலை. எனக்கு அந்தக் கவலைகூட இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறேன். உப்பு போதுமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இன்று மத்தியானம் கரண்ட் போய் வந்ததில் மெஷின் நின்றுவிட்டது. திரும்ப ஓடவிட, விட்ட இடத்தை அதன் பதிவிலிருந்து எடுத்துப் போட வேண்டும். திறந்தேன். கடைசி வரியில் இருந்த எண் மூன்றில் முடிந்தது.

நம் எண் ஏழில் அல்லவா முடியும்! இலக்கங்களை எண்ணினேன். நூற்று முப்பத்துநாலுதான் இருந்தது. பதிவில் மேலே மேலே போய் ஒரு வரியில் நின்றேன். காரணி கிடைத்தது என்று போட்டிருந்தது. ஐம்பத்துநாலு இலக்கம், கடைசியில் ஒன்பது. வகுத்து வந்த ஈவும் பகு எண்ணாகவே இருந்ததால், மெஷின் நிற்காமல் அதை உடைக்கப் போய்விட்டது. அதே விசிறி, அதே சத்தம்.

ஒம்போது மூணு இருபத்தேழு என்று வகுப்பில் சொல்கிற பழக்கத்தில் வாய் சொன்னது. கடைசி இலக்கம் ஏழு. முழுசாகவும் பெருக்கிப் பார்த்தேன். நூற்று எண்பத்தேழும் சரியாக வந்தன.

தேதியைப் பார்த்தேன். சனிக்கிழமை விடிகாலை. அவர் போனது அதற்கடுத்த புதன்கிழமை விடிவதற்குள். நடுவில் நான்கு காலை இங்கே வந்து குளித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அக்கா டீயோடு வந்து பக்கத்தில் நின்றார். இந்த எண் சமாசாரம் அவருக்குப் புரியாது. ஆஸ்பத்திரியில் தம்பி கேட்டதைக் காதில் வாங்கி வைத்திருந்து, என் முகத்தைப் பார்த்து அதையே கேட்டார்.

"ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

இன்னும் இல்லை என்று சொல்ல வாய் அதுவாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"வந்துச்சுக்கா. அவர் இருக்கும்போதே வந்துச்சு."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ். அவன்கிட்ட சொன்னியா?"

"அதுக்கப்புறம் நாலு தடவ கேட்டாரு," என்றேன். "இல்லன்னு சொன்னேன்."