மூன்றாம் சேனலில் எங்கள் கூடம்

விவாகரத்துக்குப் பிறகு ரம்ஸி போனில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "ஒரு நாள் நீ வீட்டுக்கு வருவ, நம்ம பொண்ணு தாலியா இருக்க மாட்டா. லிபியாவுல என்கூட இருப்பா. அப்புறம் தேடிக்கிட்டே கிட."

சொன்னால் செய்கிற ஆள் அவன். மறுவாரமே எங்கள் வாசல் பூட்டைச் சுற்றிப் புதுக் கீறல்கள். போலீஸ் நிலையத்துக்கு ஓடினேன். "ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பூட்டை மாற்றினேன். புதுச் சாவி ஒன்றைக் கயிற்றில் கோத்துத் தாலியா கழுத்தில் போட்டேன். ஏழு வயதுக் குழந்தை, பள்ளி விட்டு என்னை முந்திக்கொண்டு வந்துவிட்டால் வாசலில் நிற்கக் கூடாதல்லவா.

ஆதாரத்துக்கு என் தம்பி ஷுக்ரி வந்தான். அலெக்ஸாண்ட்ரியாவிலேயே டிவி பழுது பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. பழைய கம்ப்யூட்டர், அதற்குள் சொருகிய டிவி கார்டு, எலுமிச்சை அளவில் ஒரு கேமரா. கூடத்து அலமாரியின் மேல் கேமராவை வைத்து வாசற்கதவைப் பார்த்துத் திருப்பினான். திரையில் வெறும் நீலம்.

"கார்டுல இந்த மஞ்ச ஓட்டை செத்துப்போச்சுக்கா. பரவால்ல, நான் இருக்கேன்ல."

பழைய வீடியோ கேமிலிருந்து கழற்றிய சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தான். அது கேமராவின் படத்தை மூன்றாம் நம்பர் சேனலாக்கி, கார்டின் ஆண்டெனா ஓட்டைக்கு அனுப்புமாம். படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே இருந்தது.

"அமெரிக்கக்காரன் முறையில நிக்குது" என்று எதையோ மாற்றினான். உருள்வது நின்று நிறமும் வந்தது. என் கூடம், என் கதவு, என் பச்சைத் திரைச்சீலை. யாராவது அசைந்தால் தானாகப் பதிவாகிவிடும் என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னொண்ணு செய்றேன் பாரு. சமையல்கட்டு டிவியிலயும் தெரிய வைக்கிறேன். மொலோகியாக் கீரை கிண்டிக்கிட்டே நீ கதவைப் பாக்கலாம்."

எங்கள் கட்டடத்தில் மொட்டை மாடி டிஷ் ஆண்டெனாவிலிருந்து இறங்குவது ஒரே கம்பிதான். வஸ்லா என்போம். எல்லா வீட்டு டிவிக்கும் அதுவே போகும். ஷுக்ரி அதன் தோலை உரித்து, பெட்டியிலிருந்து வந்த கம்பியை அதோடு முறுக்கி, டேப் ஒட்டினான். "மூணாம் சேனல் சும்மாதானே கிடக்கு" என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

முதலில் கொஞ்சம் நிம்மதி. ஆனால் கடல்காற்றில் திரைச்சீலை ஆடினாலும் அது பதிவு செய்தது. திறந்தால் நூறு திரைச்சீலை. பழையதைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

மாடிப்படியில் மேல்வீட்டு இனாயத் அக்கா சிரித்தாள். "அந்த ஆரஞ்சு அங்கி உனக்கு எடுப்பா இருக்கு ராவியா."

அந்த அங்கியை நான் வெளியே போட்டதே இல்லை. வீட்டுக்குள், முக்காடில்லாமல் இருக்கும்போது போடுவது. மறுநாள் கீழ்வீட்டுப் பெண் கேட்டாள், "தாலியா ஏன் பீன்ஸ் தட்டைத் தள்ளித் தள்ளி விடுறா? வயித்துவலியா?"

யா அல்லாஹ், யார் என்னைப் பார்ப்பது? சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று தடவினேன். கட்டிலடியில் குனிந்து பார்த்தேன். விளக்கை அணைத்தே உடை மாற்றினேன். ரம்ஸி யாரையோ கையில் போட்டுக்கொண்டான், உளவு பார்க்கிறான், வேறென்ன? என் வீட்டுச் சாவி இன்னொன்று இனாயத்திடம்தான் இருந்தது. நான் வெளியே போனால் தாலியா அவளிடம்தான் இருப்பாள். நேராக மேலே போய்க் கையை நீட்டினேன்.

"சாவியைக் கொடுங்க."

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆகக் கூடாதுன்னுதான்."

அவள் முகம் வாடியது. வாடட்டும் என்று இறங்கி வந்துவிட்டேன். அதனால்தான் அந்த மதியம் ரொட்டி வாங்கப் போனபோது தாலியாவைத் தனியாக விட்டுப் போனேன். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

வரிசை நீளம். என் முறை வரும் நேரத்தில் எங்கள் கட்டடத்திலிருந்து ஒரே கூச்சல், பெண்களின் கூச்சல். வாசலில் லிபியா நம்பர் போட்ட வண்டி ஒன்று இஞ்சின் ஓட நின்றது. ரொட்டியாவது ஒன்றாவது. படியில் விழுந்தேன், எழுந்தேன், முழங்கால் கிழிந்தது கூடத் தெரியவில்லை. "தாலியா! தாலியா!" என்று கத்தியதுதான் நினைவிருக்கிறது.

கதவு அகலத் திறந்திருந்தது. கூடம் நிறையப் பெண்கள். ஒருத்தி கையில் துடைப்பம், ஒருத்தி தலையில் பாதி தேய்த்த மருதாணி. ரம்ஸி சுவரோடு சுவராக நின்றான். அவன் மூக்குக்கு நேரே, மொலோகியா நறுக்கும் இருபிடிக் கத்தியோடு இனாயத் அக்கா. கத்தியில் பச்சைச் சாறு சொட்டியது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு என் மகள்.

"அசைஞ்ச, உன்னையும் பொடிசா நறுக்கிருவேன்டா!"

ரம்ஸியின் கையில் புதுச் சாவி பளபளத்தது. கிளப் தோட்டத்தில் அவன் மகளைப் பார்க்க நீதிமன்றம் அனுமதித்த நாளில், மடியில் வைத்துக் கொஞ்சினானே, கழுத்துக் கயிற்றைத் தடவிக்கொண்டே. ஒரு சோப்புக் கட்டியில் அச்செடுக்க எவ்வளவு நேரமாகும்? நான் எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போன பிறகு கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? தாலியா கத்தக்கூட இல்லையாமே, வாயைப் பொத்திட்டானாம்."

மருதாணிக்காரி தரையைப் பார்த்தாள். கடைசியில் இனாயத் அக்காதான் சொன்னாள்.

"மூணாம் சேனல்ல பாத்தோம்."

"என்னது?"

"உன் கூடம் எல்லார் டிவியிலயும் வருதும்மா. சீரியலை விட நல்லா ஓடுது."

தலைமுடி விரித்து, அழுது, மகளை அடித்து, தனியே பேசிக்கொண்டு நான் நடமாடியது எல்லாம்!

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் அன்னிக்கே நினைச்சேன். முந்தா நாள் அவன் வந்தப்பவே."

"யார் வந்தப்ப?"

"ரம்ஸி. சாவி போட்டுத் திறந்து வந்தான். நீ குளிச்சிட்டு வந்த. அவன் திரைக்குப் பின்னாடி நின்னான், அப்புறம் போயிட்டான். நீங்க ரெண்டு பேரும் மறுபடி சேந்துட்டீங்க போலன்னு நினைச்சோம். புருஷன் பொண்டாட்டி விஷயத்துல மூக்கை நுழைக்கலாமா?"

"மூக்கை நுழைக்கல, கண்ணை மட்டும் நுழைச்சீங்களா!"

ஷுக்ரி வந்து அந்தப் பதிவைத் தேடி எடுத்தான். நூறு திரைச்சீலைகளுக்கு நடுவில் அது இருந்தது. ஈரத்தலையைத் துவட்டியபடி நான் கடந்து போகிறேன், பாட்டு முணுமுணுக்கிறேன். கையெட்டும் தூரத்தில், திரைக்கு அடியில், ஒரு ஜோடி ஆண் செருப்பு.

ஷுக்ரி தலையைக் குனிந்துகொண்டு வெட்டுக்குறட்டை எடுத்தான். "என் தப்புதான்க்கா. வஸ்லாவுல இருந்து வெட்டி விட்டுர்றேன்."

"வெட்டாதே" என்றேன்.

"அக்கா, ஊரே பாக்கும்!"

"பாக்கட்டும். திரைச்சீலையை மட்டும் கழட்டு."

முக்காட்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இனாயத்திடம் பறித்த சாவியை அவள் கையிலேயே திரும்ப வைத்தேன். மறுநாள் மடித்த துணிகளை அலமாரியின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தபோது, மேல்மாடி ஜன்னலிலிருந்து அவள் குரல் தெருவே கேட்க வந்தது.

"ராவியா! துணியைத் தள்ளி வையிம்மா, கதவு தெரியல!"

தள்ளி வைத்தேன்.