செருப்பைத் தேடிய அம்மா

எடிட்டரை யூனிட்டில் எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டுவதில் ஈவு இரக்கம் பார்க்காத ஆள். பெரிய ஹீரோ கண் கலங்கினால்கூட, "இது அழுகையா? கண்ணுல தூசி விழுந்த மாதிரி இருக்கு" என்று தூக்கி எறிந்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் அன்றைக்கு ப்ரிவ்யூ தியேட்டரின் கடைசி வரிசையில், பதுங்கி உட்கார்ந்திருந்தார். திரையில் வரப்போவது அவருடைய அக்கா.

அக்கா சினிமாவுக்கு வந்து பல வருஷம். வந்து என்ன? கூட்டத்தில் நிற்பாள், ஹீரோவுக்குக் காபி கொண்டுவந்து கொடுப்பாள், அதோடு சரி. இந்தப் படத்தில்தான் முதல் தடவையாக அவளுக்கென்று ஒரு முழுக் காட்சி. வாசலில் போலீஸ்காரர் நின்று, மகன் விபத்தில் போய்விட்டான் என்கிறார். "இதோ வர்றேன்" என்று உள்ளே போகிறாள் தாய். அடுப்பை அணைக்கிறாள். தலையைச் சீவிக்கொள்கிறாள். கிளம்பினால் ஒரு கால் செருப்பைக் காணோம். "இந்த வீட்ல எதுதான் வெச்ச இடத்துல இருக்கு?" என்று கத்தித் தீர்க்கிறாள். கட்டிலுக்கடியில் பார்க்கிறாள், கதவுக்குப் பின்னால் பார்க்கிறாள், மறுபடியும் கட்டிலுக்கடியில் குனிகிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

எழுதியிருந்தது இப்படி இல்லை. 'கதறி அழுகிறாள்' என்றுதான் இருந்தது. அக்காதான், "ஒரே ஒரு தடவை என் இஷ்டத்துக்குப் பண்ணிக் காட்டட்டுமா தம்பி?" என்று இயக்குநரிடம் கேட்டாள். சின்ன வயசுக்காரர், பார்த்து அசந்துபோனார். எதற்கும் இருக்கட்டும் என்று, கிளிசரின் போட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவதையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

இயக்குநருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அக்காவின் ஒரே மகன் அப்படித்தான் போனான். செய்தி வந்த அன்று அக்கா அப்படித்தான் செருப்பைத் தேடினாள். கூடவே கட்டிலுக்கடியில் குனிந்து தேடியவர் கத்திரி.

"யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே. பரிதாபப்பட்டு எவனும் என்னை நல்ல நடிகைன்னு சொல்ல வேணாம்" என்று அவள் காட்சியை எடுத்தபோதே தம்பியின் வாயைக் கட்டியிருந்தாள்.

செருப்புக் காட்சி வந்தது. முன் வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது போதாதா? தியேட்டர் முழுக்கத் தொற்றிக்கொண்டது. கத்திரி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யார் வாயைப் போய்ப் பொத்த முடியும்?

படம் முடிந்ததும், பார்க்க வந்திருந்தவர்களிடம் கருத்துக் கேட்டார்கள்.

"எல்லாம் சரி சார், அந்த அம்மாவுக்குத்தான் நடிக்கவே தெரியல" என்றார் ஒருவர்.

"பெத்தவ செருப்பையா தேடுவா? தமிழ்ப் படமோ இந்திப் படமோ, பிள்ளை செத்தா அம்மா மயங்கி விழுவா. இது நம்புற மாதிரியா இருக்கு?" என்றார் ஒரு பெண்மணி. நாலு பேர் கை தட்டினார்கள்.

தயாரிப்பாளர் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். அழுகிற காட்சியைப் போடு, அவ்வளவுதான்.

எடிட்டிங் அறைக்கு வந்ததும் கத்திரி கதவைச் சாத்தினார். அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் பறக்கவிட்டு, எல்லாவற்றையும் இயக்குநரிடம் கொட்டிவிட்டார். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் நம்புறேண்ணே. சத்தியமா நம்புறேன். அதுக்காக தியேட்டர் தியேட்டரா வாசல்ல நின்னு, இது நெஜம்தாங்க, சிரிக்காதீங்கன்னு சொல்ல முடியுமா?"

கத்திரி மானிட்டர் பக்கம் திரும்பினார். எத்தனையோ பொய் அழுகையைக் கண்டுபிடித்து வெட்டிய மனிதர், ஒரு பொய் அழுகையைத் தன் கையாலேயே எடுத்து ஒட்டினார். பாவி மனுஷன், வேறென்ன செய்வார்?

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனார். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் சீன் இருக்காடா?"

"இருக்குக்கா. ஆனா... அந்த அழுறதைப் போட்டிருக்கோம்."

"அது நல்லா வரலையா?"

"நல்லாத்தான் வந்துச்சு. ஜனங்களுக்குத்தான்..."

"சிரிச்சாங்களா?"

கத்திரி தரையைப் பார்த்தார்.

அக்காவின் கை நின்றுவிட்டது.

"அப்போ, அன்னைக்கு நம்ம வீட்டுக்கு வந்தவங்களும் இப்படித்தானே நெனச்சிருப்பாங்க? பெத்தவளுக்குத் துக்கமே இல்லன்னு?"

அன்றைக்கு வாசலில் நின்றவர்கள் பேசிக்கொண்டது கத்திரியின் காதில் விழுந்திருந்தது. "அழுத்தக்காரிப்பா, கண்ணு கலங்குதா பாரேன்." இத்தனை வருஷமாக அதை அக்காவிடம் மூச்சு விட்டதில்லை.

"சேச்சே! என்னக்கா பேசுற நீ? யாராவது அப்படி நெனப்பாங்களா? எல்லாரும் உனக்காக எவ்வளவு அழுதாங்க தெரியுமா!" கையை ஆட்டினார். தலையை ஆட்டினார். கொஞ்சம் சிரிக்கக்கூடச் சிரித்துப் பார்த்தார்.

அக்கா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கும் நடிக்க வரலடா" என்றாள்.

பூண்டுத் தோலை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.