இருவருக்குப் பதிந்த கல்வீடு

உளுந்தூர்பேட்டையில் ஒரு வேலை இருக்கிறது, நாளைக்கு வந்துவிடுவேன் என்று மகனிடம் பொய் சொல்லிவிட்டு, அய்யனார் கச்சிராயபாளையத்தில் மலைக்குப் போகும் பேருந்தில் ஏறினார். மனைவி கொளஞ்சியம்மாள் இறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. இந்த நேரத்தில் மலைமேல் போய்த் தங்குகிறேன் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

அங்கே தங்க ஏற்பாடு செய்தவள் சென்னையில் இருக்கும் மகள் இலக்கியா. பெற்றோரின் முப்பதாவது கல்யாண நாளுக்காக. வெள்ளிமலைக்குப் போகும் வழியில் ஒரு காப்பித் தோட்டம். ஜாகீர்தார்கள் மலையை ஆண்ட காலத்தில் வரி வசூலிக்க வந்தவர்கள் தங்குவதற்காகக் கட்டிய மூன்று கல்வீடுகள் தோட்டத்துக்குள் இடிந்து கிடந்தன. தோட்டத்தை வாங்கியவர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, நாட்டு ஓடு மாற்றி, பழைய கதவுகளை இழைத்து மாட்டி, வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு விட்டிருந்தார்கள். இலக்கியா கைபேசியில் படத்தைக் காட்டியபோது கொளஞ்சியம்மாள் அதை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள். கரும்புக் கொல்லையில் நின்று நிமிர்ந்தால் தினமும் கண்ணில் படுகிற மலை. ஒருநாளும் ஏறியதில்லை.

தை மாதமே போவதாக இருந்தது. "கரும்பு வெட்டு முடியட்டும்டி. சித்திரைல போவலாம்" என்று தேதியை மாற்ற வைத்தவர் அய்யனார்தான். மாசிக் கடைசியில் ஒரு காலை, தலை வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அவ்வளவுதான்.

அம்மா போன துக்கத்தில் இலக்கியா பதிவை ரத்து செய்ய மறந்துபோனாள். 'உங்கள் வருகைக்குக் காத்திருக்கிறோம், விருந்தினர் இருவர்' என்ற குறுஞ்செய்தி அய்யனாரின் எண்ணுக்கு வந்தது. இரண்டு நாள் அதையே எடுத்து எடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கிளம்பிவிட்டார்.

தோட்டத்து வாசலில் சாலம்மாள் நின்றிருந்தாள். கல்வீடுகளைப் பெருக்கித் துடைத்து, வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள், ஐம்பது வயதிருக்கும். அவருடைய முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா எங்கங்க?"

"எந்த அக்கா?"

"கொளஞ்சியக்காதான். மாசத்துக்கு நாலு தரம் போன் பண்ணுவாங்களே! குளிரு ஜாஸ்தியா, கம்பளி எடுத்தாரணுமா, சாம அரிசிச் சோறு ஆக்கித் தருவியான்னு. இப்பதான் ஒரு மாசமா போனே காணோம்."

அவருக்கு இது எதுவுமே தெரியாது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "பின்னாடி வரா. சாயங்கால வண்டில" என்று வந்துவிட்டது.

சாலம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீட்டைத் திறந்துவிட்டாள். கட்டிலில் இரண்டு தலையணை, இரண்டு கம்பளி. "இந்த ஜன்னல்லேர்ந்து பாத்தா கோமுகி டேமு தெரியும். எங்க கரும்புக் கொல்ல தெரியுமா, தெரியுமான்னு அக்கா கேட்டுக்கினே இருப்பாங்க."

அய்யனார் அந்த ஜன்னல் பக்கமே போகவில்லை. கட்டில் ஓரத்தில் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுவந்தபோது சொல்லிவிட நினைத்தார். காப்பி கொண்டுவந்தபோதும் நினைத்தார். அவள் ஒவ்வொரு தடவையும் அக்காவைப் பற்றியே பேசினாள். வேறு யாரும் கொளஞ்சியம்மாளை உயிரோடு இருக்கிறவளாக வைத்துப் பேசி நாற்பது நாளாகிறது. அவருக்கு அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஐந்தரை மணிக்கு எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். அடுப்பில் சாமை கொதித்துக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம். சாயங்கால வண்டிக்குத்தான் போயிருப்பாள் என்று அவருக்குப் புரிந்தது. நனைந்தபடியே ரோட்டுக்கு ஓடினார்.

எதிரே சாலம்மாள் வந்துகொண்டிருந்தாள். ஒரு குடை பிடித்திருந்தாள். கக்கத்தில் இன்னொரு குடை.

"அக்கா எறங்கலீங்க. கண்டக்டர்கிட்டகூட கேட்டேன். மழைக்கு வேற எங்கனா எறங்கிட்டாங்களோ இன்னாவோ. ஒரு போன் போடுங்க."

"அவ வரமாட்டா, சாலம்மா."

"ஏங்க?"

"செத்துப் போயிட்டா."

இத்தனை நாளும் மகனோ அண்ணன் தம்பிகளோதான் எல்லோருக்கும் சொன்னார்கள். அவர் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. சாலம்மாள் நடுரோட்டிலேயே வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வெட்டு முடியட்டும் என்று தான் தள்ளிப் போட்டதையும் மறைக்கவில்லை. கடைசியில் கேட்டார்: "தேதி மாத்தனப்ப அவ ஒங்கிட்ட இன்னா சொன்னா?"

"ஒன்னும் சொல்லலீங்க."

"பரவால்ல, சொல்லு."

சாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "மலை எங்க ஓடியா போவப் போவுது, அவருக்கு வேல முடியட்டும்னு சிரிச்சாங்க."

திட்டியிருந்தாள் என்றால்கூடத் தாங்கியிருப்பார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சாலம்மாள் தேற்ற முயலவில்லை. எழுந்து போகவும் இல்லை.

காலையில் முதல் பேருந்துக்கு வந்து நின்றார். மகளைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறேன் என்று சொன்னார்.

"தனியாவாப்பா போன?"

"ஆமாம்மா."

இலக்கியா அழ ஆரம்பித்தாள். பேருந்து வரும்வரை அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.