காப்பு அவிழும் வரை

என் மார்பில் இருந்த கட்டியிலிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். ரிசல்ட்டைப் போனில் சொல்வதாகச் சொன்னார்கள். என் போனுக்குப் பூண்டுக்காட்டு மேட்டில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். அதனால் என் கணவர் செல்வமுருகனின் நம்பரைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் மேல்மலை ஊரில், காப்பு அவிழும் வரை யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. வீட்டில் கெட்ட சேதி பேசக் கூடாது.

"ரிசல்ட் வந்துச்சாங்க?"

"வரும், வரும். அவங்களுக்கு நீ ஒருத்திதானா?" என்றார் கணவர்.

ஆனால் நான் பூண்டு மூட்டையைத் தொட்டதுமே நாத்தனார் ராஜகுமாரி ஓடி வந்து பிடுங்கினாள். பாதாம் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். எனக்கு ஒரு நாளும் தண்ணீர்கூட மோந்து கொடுக்காதவள்.

"என்னடி, நான் என்ன புள்ளத்தாச்சியா?"

"உடம்பப் பாத்துக்கங்க மதினி" என்றவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அதற்கு மேல் என்ன வேண்டும்? மேட்டில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"டாக்டர் அன்னைக்கே உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டாரேம்மா" என்றது ஒரு பெண் குரல்.

"என்ன சொன்னாரு?"

"அதெல்லாம் போன்ல சொல்லக் கூடாதும்மா."

"அவருட்ட போன்லதான சொன்னீங்க?"

அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவர் முன்னால் நின்றேன். அவர் தரையைப் பார்த்தார். "காப்பு அவுக்கட்டும்னு இருந்தேன் வள்ளி. டாக்டரும் பக்குவமாச் சொல்லச் சொன்னாரு."

"பக்குவத்தப் பூண்டுக்குப் பாருங்க. ராத்தங்கத்தான கூடாது? நாளைக்கு வெள்ளனே போயிட்டு வெளக்கு வைக்க முன்னாடி வந்துரலாம். கெளம்புங்க."

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினார். "பயப்பட ஒண்ணும் இல்லம்மா. சின்ன மாற்றம் இருக்கு. சாருக்கு விளக்கமா சொல்லியிருக்கேன்."

"சாருக்குக் கட்டி இல்லீங்க டாக்டர். எனக்குத்தான் இருக்கு. பயப்படணுமா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன். என்னன்னு சொல்லுங்க."

அப்போதுதான் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இது புற்றுநோய்ம்மா. வேற எங்கயும் பரவியிருக்கான்னு ஸ்கேன் பாக்கணும். அப்புறம் ஆபரேஷன். குணமாக வாய்ப்பு இருக்கு. ஆனா தள்ளிப்போடக் கூடாது."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தள்ளிப்போடக் கூடாததை இவர்கள் இருவரும் சேர்ந்துதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

"ஸ்கேன் எப்ப வச்சுக்கலாம்?" டாக்டர் மறுபடியும் என் கணவரைப் பார்த்தே கேட்டார்.

"காப்பு அவுத்த பெறகு..." என்று ஆரம்பித்தார் இவர்.

"இன்னைக்கு" என்றேன். "என்னப் பாத்துக் கேளுங்க டாக்டர். ஃபைல்ல இருக்குற இவரு நம்பர அடிச்சிட்டு என் நம்பர எழுதுங்க."

"ஒனக்குத்தான் டவர் கெடைக்காதே" என்றார் கணவர்.

"மேட்டுல ஏறி நிப்பேன்."