துண்டுக்குள் ஒரு டெண்டர்

1

இந்தக் கதை எனக்கு முத்தையாபுரம் பஸ்ஸில் கிடைத்தது. முழுக் கதை இல்லை, ஒரே ஒரு வாக்கியம். முன் சீட்டில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "துண்டுக்குள்ள கைய விட்டதும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் சிரிச்சிட்டாம்லே" என்றார். அடுத்த ஸ்டாப்பில் இருவரும் இறங்கிவிட்டார்கள். கூடவே இறங்கிப்போய்க் கேட்டிருக்கலாம். கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டோமே என்று உட்கார்ந்திருந்தேன். அதனால் மிச்சத்தை நானே கட்டவேண்டியதாயிற்று. இதில் பாதிதான் உண்மை என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பாதிகூட இல்லை.

2

முதல் வரியை எழுதிப் பார்த்தேன்.

மன்னார் வளைகுடாவின் அலைகள் ஆர்ப்பரிக்கும் அந்தக் கரையோரம்— (கணக்குப் பிரிவுக்கு அலை எதற்கு?)

1976ஆம் ஆண்டு, மனித உழைப்பின் மீது இயந்திரத்தின் நிழல்— (இது கட்டுரைப் போட்டிக்கு.)

ஜெபசீலன் தன் நாற்காலியைத் தடவிப் பார்த்தான்.

இது இருக்கட்டும். ஏன் தடவினான் என்றால், அவன் மூஸா நெய்னாவின் கப்பல் ஏஜென்சியில் கணக்கு மேனேஜர். நாசரேத்துக்காரன், பி.காம். படித்தவன். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்ததிலிருந்து கப்பல் மேல் கப்பல் வந்து, சரக்கும் பில்லும் சம்பளமும் ஒன்றோடொன்று சிக்குப் பிடித்துக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் புரோகிராமில் ஏற்றிவிடலாம் என்று காயல்பட்டினத்து முதலாளியான நெய்னாவுக்கு யாரோ ஓதிவிட்டார்கள்.

"மெட்ராஸ்ல ரெண்டு கம்பெனி இருக்காம். எது தோதுன்னு நீயே பாத்துச் சொல்லு" என்றார் நெய்னா.

அதாவது, தன் நாற்காலியைத் தூக்கிப்போக வருகிற ஆளை அவனே பொறுக்கி எடுக்கவேண்டும்.

3

முதல் கம்பெனிக்காரர் டை கட்டி வந்தார். (பெயர் வைக்கவில்லை. தூத்துக்குடி வெயிலில் டை கட்டியவருக்கு அதுவே போதும்.) "எங்க புரோகிராம் வந்துட்டா இந்த பில் செக்‌ஷனே தேவையில்ல சார்" என்று பில் செக்‌ஷனில் ஐந்து பேருக்கு நடுவில் நின்றுகொண்டே சொன்னார்.

அந்த ஐவரில் ஒருத்தியான டைப்பிஸ்ட் ரோஸ் டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்போ ஒங்களுக்கு டீ சொல்லணும்னா மிஷினுகிட்டயே சொல்லிக்கிடுங்க" என்றாள்.

இரண்டாவது கம்பெனியிலிருந்து பகவதி வந்தார். புரோகிராம் எழுதுகிறவரே அவர்தான். (அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக இங்கே வந்து கம்ப்யூட்டர் வியாபாரம் பேசுவாளா என்று எனக்கும் சந்தேகம்தான். முதல் பிரதியில் இவரை ஆணாக எழுதினேன். கதை படுத்துக்கொண்டது.)

"நாம தப்பாக் குடுத்தா மிஷினும் தப்பாத்தான் போடும், ஆனா வேகமாப் போடும்" என்றார் பகவதி. "சரியாக் குடுக்கறதுக்கு இந்த அஞ்சு பேரும் வேணும் சார். நான் பழக்கி விடறேன்."

ஜெபசீலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரோஸ் வீட்டில் அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில். அவனுக்கும் வேறு போக்கிடம் கிடையாது. பகவதி கம்பெனியே தோது என்று எழுதிக் கொடுத்தான்.

4

நெய்னா வாசித்தார். "சரி, ரெண்டு பேரையும் கூப்பிடு. வெலையப் பேசிருவோம்" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

அவர் முத்து வியாபாரத்தில் வளர்ந்தவர். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்கடியில் கையைக் கொடுத்து, விரலுக்கு ஒரு தொகை என்று தொட்டே பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முத்து போய்க் கப்பல் வந்த பிறகும் நெய்னா அந்தப் பழக்கத்தை விடவில்லை.

டைக்காரர் கையை நீட்டினார். நெய்னா சுண்டுவிரலைத் தொட்டதுதான் தாமதம், கூச்சம் தாங்காமல் மனிதர் நெளிந்து, சிரித்து, விரல்களையெல்லாம் சுருட்டிக்கொண்டார்.

நெய்னாவுக்கு முகமெல்லாம் பல். ஜெபசீலனிடம், "வெரலச் சுருட்டிப் பாதிக்குப் பாதி எறங்கிட்டாரே. தங்கமான மனுசன்" என்று கிசுகிசுத்தார். எவ்வளவு இறங்கினோம் என்பது டைக்காரருக்கே தெரியாது.

5

அடுத்தது பகவதி. நெய்னா துண்டை விரித்தார், பிறகு சுருட்டினார். அந்நியப் பெண்ணின் கையை அவர் தொடமாட்டார். விலையை வாயால் பேசவும் மாட்டார்.

"நான் எழுதித் தரட்டுமா சார்?"

"எழுதினா ஊருக்கே தெரிஞ்சிருமேம்மா." கொஞ்சம் யோசித்தார். "ஜெபசீலன், அந்தப் பிள்ளைக்காக நீ கையக் குடு."

முதலாளிக்கு எதிராக முதலாளியின் மேனேஜரே பேரம் பேசவேண்டும். பகவதி அவன் காதில் தன் கடைசி விலையைச் சொன்னார். அதை எந்த விரலால் சொல்வது? நாசரேத்தில் இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தப்பாகிப் போனால் ஆறு பேரும் தெருவில் நிற்கவேண்டும். கடவுளை நினைத்துக்கொண்டு கையை விட்டான்.

6

நெய்னா ஒரு விரலைத் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார். காய்ச்சல்காரன் கை மாதிரி அது உதறியது.

"என்னப்பா, கை இந்த ஆட்டம் ஆடுது?"

"பயமா இருக்கு முதலாளி." விரலால் சொல்லத் தெரியாததால் ஜெபசீலன் வாயாலேயே சொன்னான். "வெலை பேச எனக்குத் தெரியாது. அந்த டைக்காரரு வந்தா ரோஸ் போயிருவா. மத்த நாலு பேரும் போயிருவாங்க. நானும் போயிருவேன். அது மட்டுந்தான் தெரியும்."

அந்த அறையில் முதல் தடவையாக ஒரு விலை உரக்கச் சொல்லப்பட்டது. அடுத்த அறையில் டைப்ரைட்டர் நின்றது.

7

முடிவு அ: நெய்னா கண்கலங்கிப் பகவதிக்கே— (அவர் வியாபாரி. ஒரு கை நடுங்கியதற்காகப் பாதி விலையை விட்டுவிடுவாரா?)

முடிவு ஆ: வேலை டைக்காரருக்கே போக, ஜெபசீலன் நாசரேத்தில் டியூஷன்— (இதை எழுதும்போது ரோஸ் என்னை முறைத்தாள். நிறுத்திவிட்டேன்.)

முடிவு இ: தான் ஒத்துக்கொண்ட விலையைக் கேட்டு டைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு ஓட— (வசதிதான். ஆனால் அப்போதும் ஜெபசீலன் சொன்னதற்கு நெய்னா பதில் சொல்லியாகவேண்டும்.)

இப்போதைய நிலவரம் இதுதான். நெய்னா வாய் திறக்கவில்லை. கையையும் விடவில்லை. எனக்கு அவரைப் பேசவைக்கத் தெரியவில்லை, அவருடைய கணக்கும் பாசமும் எந்த இடத்தில் முட்டிக்கொள்ளும் என்றும் தெரியவில்லை. ஆகவே அவரைக் கொஞ்சம் எழுப்பிவிடுகிறேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஏஜென்சி உங்களுடையது, லாபமும் உங்களுடையது. உங்கள் பிடிக்குள் ஒருவனுடைய கை வியர்த்துக்கொண்டிருக்கிறது. வாயால் சொல்லக்கூடாது. எந்த விரலைத் தொடுகிறீர்கள் என்று என்னால் பார்க்க முடியாது. விரல் பாஷை தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும்.