நாலு படுக்கை

டனிஸ்ரன் வாங்கி வந்த ட்றெயிலரைப் பார்த்ததும் றஜிந்தனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம், நாலு பக்கமும் தகரம் அடைத்த சரக்குப் பெட்டி. யாரோ புல்வெட்டும் மெசின்களை ஏற்றித் திரிந்தது. உள்ளே பெற்றோல் மணமும் எலிப் புழுக்கையும். இதற்குள் நாலு பேர் படுத்து, சமைத்து, ஈரச் சப்பாத்தையும் காயவைத்து, ஒக்ரோபரில் ஒரு கிழமை காட்டில் இருந்து மூஸ் மான் வேட்டையாட வேண்டுமாம். ஆசைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

"எனக்கென்னடா தெரியும் இந்தத் தச்சு வேலை? உன்ரை கை பட்டால்தான் மச்சான் இது வீடு. இல்லாட்டில் வெறும் தகரம்," என்றான் டனிஸ்ரன்.

புகழ்ந்தால் உருகிப்போகிற ஆள் றஜிந்தன். செயின்ட்-மிஷேலில் சமையலறை அலுமாரி செய்யும் பட்டறையில் பதினொரு வருடமாக வேலை. டனிஸ்ரன் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றி இறக்குகிறவன். இருவரும் மன்னார்க்காரர். ஒரே வருடத்தில் மொன்றியலுக்கு வந்து, நிலத்துக்குக் கீழே ஓர் அறையில் ஆறு வருடம் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். கலியாணம் முடித்த பிறகும் விட்டுப் பிரியவில்லை. லாசாலில் ஒரே மாடியில், எதிரெதிர் வீடு எடுத்தார்கள்.

வேட்டைப் பைத்தியத்தைப் பிடிப்பித்தவனும் டனிஸ்ரன்தான். "ரெண்டு பேருமாப் போவம்" என்று சொல்லி, வேட்டைக்காரர் பயிற்சி வகுப்பில் றஜிந்தனின் பெயரையும் அவனே பதிந்தான். எல்லாம் பிரெஞ்சில். டனிஸ்ரன் முதல் தடவையே தேறிவிட்டான். றஜிந்தன் இரண்டு தடவை கோட்டை விட்டான். அகராதியும் கையுமாக வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து, மூன்றாம் தடவைதான் கரையேறினான்.

மே மாதம் வேலை தொடங்கியது. பட்டறை முதலாளியிடம் கெஞ்சிப் பின்வளவில் ட்றெயிலரை நிறுத்த இடம் வாங்கினான். சனி ஞாயிறு வீட்டில் அவனைக் காணக்கிடைக்காது. தகரத்தைக் கழுவி, நுரைப்பலகை வைத்து அடைத்து, மேலே பிளைவுட் போட்டான். இரண்டு பக்கச் சுவரிலும் மேலும் கீழுமாக நாலு மடக்குப் படுக்கை. பகலில் தூக்கிக் கொளுவி விட்டால் நடுவில் நின்று சமைக்கலாம். துவக்கு வைக்கப் பூட்டுள்ள பெட்டி. ஈர உடுப்புத் தொங்கவிட வரிசையாகக் கொளுக்கி. மூலையில் ஒரு காஸ் ஹீட்டர். முழங்கால் நோவுள்ளவன் என்பதால் இடப்பக்கக் கீழ்ப் படுக்கையைத் தனக்கென்று மனதில் குறித்து வைத்திருந்தான். அதில் படுத்துப் படுத்துப் பார்த்துத்தான் உயரம் சரிக்கட்டினான்.

ஓகஸ்டில் டனிஸ்ரன் வந்து பார்த்தான். "கீழ்ப் படுக்கை ரெண்டையும் இன்னும் அரை அடி நீட்டு மச்சான்," என்றான்.

"நாங்கள் என்ன பனைமரமே?" என்று றஜிந்தன் சிரித்தான். ஆனாலும் கழற்றி நீட்டினான். யாருக்காக என்று கேட்கவில்லை. எந்த நாலு பேர் என்றும் ஐந்து மாதத்தில் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. துறைமுகத்தில் இருந்து இரண்டு பேர் வருவார்கள் என்று தானாகவே நினைத்துக்கொண்டான். "நானும் வாறனோ?" என்று கேட்பது பிறத்தியார் வேலை. வீட்டு மனிதரை வெற்றிலை வைத்தா அழைப்பார்கள்? நம்முடைய ஆட்களைக் கவிழ்ப்பது இந்த ஒரு நினைப்புத்தான்.

புறப்படுவதற்கு முதல் கிழமை, பிரயாணத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று றஜிந்தன் மாதா கோயில் அலுவலகத்துக்குப் போனான். பூசைக் கருத்து எழுதுகிற றோசா அக்கா கொப்பியைப் புரட்டிப் பார்த்தார்.

"டனிஸ்ரன் தம்பி ஏற்கனவே எழுதிப்போட்டார் ராசா. ஞாயிறு பூசை. பூசை முடிய பாதர் வண்டிக்கும் தீர்த்தம் தெளிச்சு மந்திரிப்பார். வேட்டைக்குப் போற நாலு பேருக்காக: டனிஸ்ரன், மார்செல், பிறகு ரெண்டு வெள்ளைக்காரப் பேர், என்ரை வாய்க்குள்ள வராது."

"என்ரை பேர் விடுபட்டிட்டுது போலை. சேர்த்து எழுதுங்கோ அக்கா."

றோசா அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "நானும் கேட்டனான் தம்பி, றஜிந்தன் போகேல்லையோ எண்டு. நாலு படுக்கைதான், நாலு பேரும் சரி எண்டவர். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லியிருந்தால் அவன் ஏன் அங்கே நிற்கிறான்? "ஓம் ஓம், சொன்னவன், நான்தான் மறந்துபோனன்," என்று சொல்லி வெளியே வந்தான். அந்த நேரத்திலும் டனிஸ்ரனின் மானத்தைத்தான் காப்பாற்றினான். பிறகு நினைத்தபோது தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

அன்று மாலை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான்.

"உள்ளுக்கு வாடா, ரீ குடி," என்றான் டனிஸ்ரன்.

"ரீ வேண்டாம். ஆர் அந்த நாலு பேர்?"

டனிஸ்ரன் கதவைச் சாத்திக்கொண்டு நடைபாதைக்கு வந்தான். துறைமுகத்தில் அவனுடைய மேலாள் மார்செல், மார்செலின் தம்பி, மருமகன். மார்செல் அடுத்த மாதம் தனக்குக் கீழே ஆட்களை மேற்பார்க்க ஒரு போமனைத் தெரிவு செய்யப் போகிறானாம். ஒரு கிழமை காட்டில் ஒன்றாக இருந்தால் காரியம் கைகூடும்.

"அவங்களோடை இருந்து பியர் குடிச்சு, அவங்கட பகிடிக்குச் சிரிக்கோணும் றஜி. உனக்கு அது வராது. நீ மூலைக்குள்ள பேசாமல் இருந்தால் எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும். அடுத்த வருசம் நாங்கள் தனியப் போவம், சத்தியமா."

"இதை மே மாசம் சொல்லியிருக்கலாமே?"

டனிஸ்ரன் நிலத்தைப் பார்த்தான். "சொல்லியிருந்தால் நீ செய்து தந்திருப்பியோ?"

செய்து கொடுத்திருப்பான். இவனுக்கு உத்தியோக உயர்வு கிடைக்கும் என்றால் ஐந்து மாதம் என்ன, ஐந்து வருடமும் ஆணி அடித்திருப்பான். இருபது வருடம் பக்கத்தில் இருந்தவனுக்கு அது தெரியவில்லையே என்பதுதான் றஜிந்தனின் நெஞ்சை அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் சப்பாத்துப் போடுவதைக் கண்டு மனைவி நிரஞ்சனி கொதித்தாள். "கறிவேப்பிலை மாதிரித் தூக்கி எறிஞ்சவன்ரை வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்கிறதைப் பார்க்கப் போறியளோ? ரோசம் எண்டு ஒண்டு இல்லையே உங்களுக்கு?"

"ஹீட்டரைப் பற்றி அவனுக்கு இன்னும் சொல்லிக் குடுக்கேல்லை," என்றான் றஜிந்தன். "அது காஸ் ஹீட்டர். கதவுக்குக் கீழை ஒரு காற்றுத் துவாரம் வைச்சிருக்கிறன். எலி பூராமல் மூடி போட்டது. அதைத் திறக்காமல் படுத்தாங்கள் எண்டால் நாலு பேரும் எழும்ப மாட்டாங்கள்."

நிரஞ்சனி தேத்தண்ணீரை நீட்டினாள்.

பூசை முடிந்து சனம் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் கூடியது. மார்செல் தன் பிக்கப்பில் ட்றெயிலரைக் கொளுவியிருந்தான். பாதர் தீர்த்தம் தெளித்து நாலு பெயரையும் வாசித்தார். பிறகு மார்செல் உள்ளே ஏறினான். படுக்கைகளை மடக்கி மடக்கி விரித்தான். ஓர் ஆணித் தலையும் வெளியே தெரியாத சுவரைத் தடவினான். "இவ்வளவும் நீ தனியச் செய்தாயா?" என்று டனிஸ்ரனைக் கேட்டான்.

வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து படித்த பிரெஞ்சு றஜிந்தனுக்கு அப்போதுதான் முழுதாகப் பயன்பட்டது. டனிஸ்ரன் சொன்ன பதில் ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கியது. "ஓம், கோடை முழுக்க இதோடைதான் கிடந்தன்."

தொண்டையில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு றஜிந்தன் கிட்டப் போனான். டனிஸ்ரனின் காதருகே தமிழில் சொன்னான். "ஹீட்டர் போட்டால் கீழ்த் துவாரம் ரெண்டு அங்குலம் திறந்திருக்கோணும். குளிர் எண்டு மூடினால் செத்துப்போவியள். விளங்குதோ?"

டனிஸ்ரன் தலையாட்டினான். உடனே மார்செல் பக்கம் திரும்பி, தான் யோசித்து வைத்த ஏற்பாடு போல மூடியில் கைவைத்து விளக்கத் தொடங்கினான். இரவில் குளிர் வராதா என்று மார்செல் முகம் சுளித்தான். மேலாள் முகம் சுளித்தால் அங்குலமும் குறையும் போலும். "ஓர் அங்குலம் காணும்," என்றான் டனிஸ்ரன்.

"நோன்!" என்று றஜிந்தன் கத்தினான். எல்லோரும் திரும்பினார்கள். இருந்த பிரெஞ்சைக் கூட்டி அள்ளிச் சொன்னான்: இரண்டு அங்குலம், ஒன்று இல்லை, ஒன்று என்றால் நாலு பேரும் சாவு.

மார்செல் அவனை மேலும் கீழும் பார்த்தான். "இது யார்?" என்று டனிஸ்ரனைக் கேட்டான்.

"வுவாசென்," என்றான் டனிஸ்ரன். அயல் வீட்டுக்காரன்.

உனக்கு நல்ல அயலவன் கிடைத்திருக்கிறான் என்று மார்செல் சிரித்தான். றஜிந்தனின் கையைக் குலுக்கி "மெர்சி" என்று நன்றி சொன்னான். டனிஸ்ரன் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. பதினைந்து நிமிடத்தில் பிக்கப் புறப்பட்டது.

பஸ்ஸில் வரும்போது, அந்த 'வுவாசென்' என்ற சொல்லைப் பொய் என்றும் சொல்ல முடியாது என்பது றஜிந்தனுக்கு உறைத்தது. கதவுக்குக் கதவு அயல்தானே. வீட்டுக்கு வந்ததும், "எங்கட வீட்டு ஒப்பந்தம் எப்ப முடியுது?" என்று நிரஞ்சனியைக் கேட்டான்.

"ஜூன் முடியத்தான். இந்த ஊரிலை எல்லாரும் ஜூலை முதலாம் திகதிதானே வீடு மாறுறது. ஏன்?"

இன்னும் ஒன்பது மாதம். றஜிந்தன் எழுந்துபோய் வாசல் கதவைப் பூட்டினான். எதிர்வீட்டுப் பிள்ளை வந்து போவதற்காகப் பகலில் பூட்டாத கதவு அது. கொஞ்ச நேரத்தில் வெளியே இருந்து யாரோ கைப்பிடியைத் திருகினார்கள். திறபடாததால் திரும்பவும் திருகினார்கள். "மாமா?" என்று டனிஸ்ரனின் மகள் மெலனியின் குரல் கேட்டது. எட்டு வயது. பூட்டிய கையாலேயே திறந்தான். அவள் வழமைபோல நேரே குளிர்சாதனப் பெட்டியடிக்குப் போய் யோகட் எடுத்தாள்.

"மாமா, நீங்கள் ஏன் அப்பாவோடை போகேல்லை?"

நிரஞ்சனி அடுப்படியில் இருந்து அவனைப் பார்த்தாள். குழந்தையிடம் தகப்பனைப் பற்றி என்னத்தைச் சொல்வது?

"அதுக்குள்ள நாலு படுக்கைதானே பிள்ளை. இடம் காணாது."

மெலனி கரண்டியை வாயில் வைத்தபடி அவனை நம்பாமல் பார்த்தாள். "நீங்கள்தானே செய்தது? உங்களுக்கும் ஒண்டு செய்திருக்கலாமே."

"ஓம் பிள்ளை, செய்திருக்கலாம்," என்றான் றஜிந்தன்.